மதீனாவுக்குப் பொறுப்பேற்ற பார்வையற்ற தோழர்



திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயமாகிய 'அபஸ' நம் பிள்ளைகள் மக்தபில் மனனம் செய்யும் சூராக்களுள் ஒன்று. இமாம்கள் ஃபஜ்ர் தொழுகையில் அதனை ஓதக் கேட்டிருக்கிறோம். அது ஒரு பார்வையற்ற மனிதரின் பொருட்டு அருளப்பட்டது என்பதும் நம்மில் பெரும்பாலோர் அறிந்த செய்தியே. ஆனால் அம்மனிதர் அதன்பின் எங்கே வாழ்ந்தார், என்ன பணி செய்தார், எவ்வாறு மறைந்தார் என்று கேட்டால் பலரிடம் விடையில்லை. நம் பயான்களில் அவருடைய வரலாறு அந்த ஒரு நிகழ்ச்சியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னர் ஏறத்தாழ இருபதாண்டு கால வாழ்க்கை அவருக்கு உண்டு. உடற்குறையுள்ள ஒருவரை ஒரு சமுதாயம் எங்ஙனம் தன்னோடு இருத்திக்கொண்டது என்பதை அந்த வாழ்க்கையிலிருந்தே நாம் அறிந்துகொள்ள முடிகிறது.

அவருடைய பெயரிலேயே கருத்து வேறுபாடு உண்டு. மதீனாவாசிகள் அப்துல்லாஹ் என்பர்; இராக்வாசிகள் அம்ர் என்பர். தந்தை கைஸ் பின் ஸாயிதா, குறைஷிக் குலத்தவர். தாயார் ஆத்திகா. பார்வை மறைக்கப்பட்ட குழந்தையைப் பெற்றவர் என்னும் பொருளில் அந்த அம்மையார் 'உம்மு மக்தூம்' என அழைக்கப்பட, மகன் 'இப்னு உம்மி மக்தூம்' ஆனார். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் தாயார் ஃபாத்திமாவும் இவருடைய தந்தை கைஸும் உடன்பிறந்தவர்கள். எனவே நபி (ஸல்) அவர்களின் குடும்பத்திற்கு இவர் அந்நியர் அல்லர். இதனைக் குறிப்பிடக் காரணமுண்டு. சிலர் இவரை வழியில் தட்டுத்தடுமாறி வந்த யாரோ ஓர் ஏழை என்பது போலச் சித்திரித்துப் பேசுகின்றனர். நல்ல குடியில் பிறந்தவருக்கும் அன்றைய மக்காவில் கண்ணில்லையெனில் சபையில் இடமில்லை என்பதே உண்மை நிலை.

நிகழ்ச்சி நமக்குத் தெரிந்ததே. குறைஷித் தலைவர்கள் சிலர் நபியவர்களின் முன் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் இஸ்லாத்தை ஏற்றாலும் அவர் பின்னால் ஒரு கோத்திரமே வரும் என்ற நிலை. நபியவர்களின் கவனமெல்லாம் அவர்கள் மீது குவிந்திருந்த அந்நேரத்தில் இப்னு உம்மி மக்தூம் வந்து, தமக்குக் கற்றுத் தருமாறு இடைமறித்துக் கேட்டார். நபியவர்களின் முகத்தில் சுளிப்புத் தோன்றியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைவர்களுடனான பேச்சைத் தொடர்ந்தார்கள். உடனே வசனங்கள் இறங்கின.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த முகச்சுளிப்பு யாரைப் புண்படுத்தியது? அவருக்கோ கண் தெரியாது. சுளிப்பை அவர் காணவேயில்லை. கடிந்த சொல் ஒன்றும் அவர் காதில் விழவில்லை. இன்றைய வழக்கில் சொன்னால் பாதிக்கப்பட்டவரிடமிருந்து புகாரே எழவில்லை. எனினும் கண்டிப்பு வந்தது. கண்டிப்பிலும் ஒரு நயம் இருப்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். முதலிரு வசனங்கள் படர்க்கையில், யாரோ ஒருவரைப் பற்றிக் கூறுவது போல அமைந்து, அதன் பிறகே முன்னிலைக்கு மாறுகின்றன. பெயரால் சுட்டாமல் பார்வையற்றவர் என்று அந்த மனிதரைக் குறிப்பிட்டது ஏன் என்றும் அவர்கள் வினவுகிறார்கள். இழிவுபடுத்த அன்று, இடைமறித்தது அவர் குற்றமாகாது, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை அவர் காண இயலாதே என்று அவருக்காக எடுத்துரைக்கவே அச்சொல் வந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். அதன்பின் இவர் வரும்போதெல்லாம் நபியவர்கள் வரவேற்று, தேவை ஏதும் உண்டா என வினவிக் கண்ணியப்படுத்தினார்கள் என்று தப்ஸீர் நூல்கள் கூறுகின்றன.

வரவேற்று உபசரிப்பது வேறு. பொறுப்பை ஒப்படைப்பது வேறு. உடற்குறையுள்ளவரிடம் அன்பாகப் பேசுவதற்கு நம்மில் யாரும் தயங்குவதில்லை. அவரிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுக்கத்தான் கை நடுங்குகிறது. நபியவர்கள் கொடுத்தார்கள்.

ஹிஜ்ரத்துக்கு முன்பே, மதீனாவில் குர்ஆன் கற்பிக்கச் சென்ற முதல் இருவர் முஸ்அப் பின் உமைர் (ரலி), இப்னு உம்மி மக்தூம் (ரலி) ஆகியோர் என்று மதீனாவாசியாகிய பராஉ பின் ஆஸிப் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஒருவர் மக்காவின் செல்வச் செழிப்பில் வளர்ந்த அழகிய வாலிபர். மற்றவர் கண்பார்வை இல்லாதவர். தூதுக்குழு அனுப்பும்போது பார்வைக்கு எடுப்பானவர்களையே தேர்ந்தெடுப்பது உலக வழக்கம். ஆனால் யத்ரிப் நகரத்து மக்கள் தங்கள் ஆசிரியராக ஒரு பார்வையற்றவரைக் கண்டார்கள். அவர் வாயிலிருந்து குர்ஆனைக் கற்றார்கள்.

அடுத்து, பாங்கு. நபியவர்களின் பள்ளிவாசலில் பிலால் (ரலி) அவர்களோடு இவரும் முஅத்தினாக இருந்தார். பிலால் இரவிலேயே பாங்கு சொல்லிவிடுவார். எனவே இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும் வரை உண்ணலாம், பருகலாம் என்று நபியவர்கள் அறிவித்திருந்தார்கள். ஸஹர் முடிவைக் குறிப்பதும் ஃபஜ்ருடைய நேரம் நுழைந்ததை அறிவிப்பதும் கீழ்வானத்து வெளிச்சத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியங்கள். அந்தப் பொறுப்பு, வானத்தையே கண்டிராத ஒருவரிடம் இருந்தது! அது எப்படி நடைபெற்றது என்பதையும் அதே அறிவிப்பின் இறுதிப் பகுதி சொல்கிறது. பொழுது புலர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் வந்து சொல்லும் வரை அவர் பாங்கு சொல்லமாட்டாராம். அதாவது, அவரால் இயலாத அந்த ஒரு பகுதியை அருகிலிருந்தோர் நிறைவேற்றினர். குரலும் பதவியும் அவருடையனவாகவே இருந்தன. நேரத்தைச் சொல்பவர் இருந்தால் பார்வையற்றவர் பாங்கு சொல்லலாம் என்பதை இமாம் புகாரி (ரஹ்) ஒரு தனித் தலைப்பாகவே அமைத்திருக்கிறார்கள். இன்று அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் உடற்குறையுள்ளவருக்குச் செய்து தர வேண்டிய வசதிகள் என்று சட்டங்கள் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருப்பதன் சாரம் இந்தச் சிறு ஏற்பாட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

மூன்றாவது பொறுப்பு இவற்றினும் பெரியது. நபியவர்கள் படையுடன் வெளியே செல்லும்போது மதீனாவில் தம் பிரதிநிதியாக ஒருவரை நியமித்துச் செல்வது வழக்கம். உஹது, அகழ் ஆகிய போர்க்காலங்களில் அந்தப் பொறுப்பு இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் இருந்ததாக இப்னு ஹிஷாமின் சீரா கூறுகிறது. அவர் பார்வையற்றவராயிருந்தும் மக்களுக்குத் தொழுகை நடத்தும்படி நபியவர்கள் அவரைப் பிரதிநிதியாக்கினார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது அபூதாவூதில் உள்ளது. மொத்தம் 13 முறை அவர் இவ்வாறு நியமிக்கப்பட்டார் என்று இப்னு அப்துல் பர் (ரஹ்) எழுதுகிறார். அந்த நியமனம் தொழுகை நடத்துவதற்கு மட்டுமா, நகர நிர்வாகத்துக்குமா என்பதில் அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எதுவாயினும், நபியவர்கள் நின்ற மிஹ்ராபில் அவர் நின்றார் என்பதில் ஐயமில்லை.

இத்தனைக்குப் பிறகும் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. வீட்டில் இருந்துவிட்டவர்களும் இறைவழியில் போராடியவர்களும் சமமாகமாட்டார்கள் என்ற கருத்துடைய நிஸா அத்தியாயத்தின் 95ஆம் வசனம் இறங்கியபோது, நபியவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு அதனை எழுதச் செய்தார்கள். அங்கு வந்த இப்னு உம்மி மக்தூம், தம்மால் முடிந்திருந்தால் தாமும் போராடியிருப்பாரே என்று முறையிட்டார். அப்போதே மீண்டும் வஹீ வந்தது. நபியவர்களின் தொடை தம் தொடையின் மீது இருந்ததாகவும், தம் தொடை நொறுங்கிவிடுமோ என அஞ்சும் அளவுக்குக் கனத்ததாகவும் ஸைத் (ரலி) நினைவுகூர்ந்துள்ளார்கள். அந்தக் கனத்தோடு இறங்கியது, இடையூறு உள்ளவர்களை விலக்கும் மிகச் சிறிய ஒரு சொற்றொடர். அது அந்த வசனத்தின் நடுவே சேர்க்கப்பட்டது. ஒரு தனிமனிதரின் இயலாமையைக் கருத்திற்கொண்டு வேதத்தின் வாசகம் விரிந்தது என்பது இலேசான செய்தியா?

இனி, என்னை நெடுநாள் சிந்திக்கவைத்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். தம் வீடு தொலைவில் இருக்கிறது, அழைத்துவருபவரும் தமக்கு ஒத்துவரவில்லை, வீட்டிலேயே தொழுதுகொள்ளலாமா என்று இப்னு உம்மி மக்தூம் (ரலி) கேட்டார். பாங்கு காதில் விழுகிறதா என்று நபியவர்கள் வினவினார்கள். விழுகிறது என்றார். அப்படியாயின் வீட்டில் தொழ அனுமதியில்லை என்று விடையளித்தார்கள். இது அபூதாவூதில் உள்ள செய்தி. மற்றொருவர் அன்சாரியான இத்பான் பின் மாலிக் (ரலி). அவரும் பார்வை மங்கியவர். தம் மக்களுக்குத் தொழுகை நடத்திவந்தவர். மழைக்காலத்தில் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் வந்துவிடுகிறது, கடந்து செல்ல முடியவில்லை. தாங்கள் என் இல்லத்தில் வந்து ஓரிடத்தில் தொழுதால் அதனையே தொழுமிடமாக்கிக்கொள்வேன் என்று வேண்டினார். நபியவர்கள் மறுக்கவில்லை. மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் நேரில் வந்தார்கள். வந்ததும் உட்காரக்கூட இல்லை. எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று கேட்டு, இத்பான் காட்டிய மூலையில் இரண்டு ரக்அத் தொழுதார்கள். பின்னர் வீட்டார் நபியவர்களை விடாமல் நிறுத்தி, இறைச்சித் துண்டுகளுடன் மாவு கலந்து காய்ச்சிய கஸீரா என்னும் உணவைப் பரிமாறினார்கள். புகாரியில் விரிவாக வரும் இந்த அறிவிப்பு நபியவர்களின் எளிமைக்கும் சிறந்த சான்று.

ஒரே குறை, ஒரே கோரிக்கை, இரு வேறு விடைகள். ஜமாஅத் தொழுகை கட்டாயமா, வலியுறுத்தப்பட்ட சுன்னத்தா என்ற விவாதத்தில் இவ்விரண்டையும் வைத்து ஃபிக்ஹ் அறிஞர்கள் நெடிய ஆய்வுகள் செய்துள்ளனர். அவற்றுள் இப்போது புகவில்லை. எனக்குப் படுவது இதுதான். ஒருவருக்கு இடையூறு வழித்துணையில் இருந்தது. அதனை மனிதர்களால் தீர்க்க முடியும். மற்றவருக்கு இடையூறு பெருவெள்ளத்தில் இருந்தது. அதனைத் தீர்க்க முடியாது. பார்வையற்றோர் என்று ஒரு கூட்டத்தைப் பிரித்து, அவர்கள் அனைவருக்கும் ஒரே சட்டத்தை எழுதிக் கொடுத்துவிடாமல், எதிரே நிற்கும் மனிதரின் நிலை என்ன என்று பார்த்தே நபியவர்கள் விடையளித்திருக்கிறார்கள். அன்றியும், இருவருள் எவரையும் 'வீட்டில் கிடந்து கொள்' என்று தனித்து விட்டுவிடவில்லை. ஒருவர் பள்ளிக்கு வர வேண்டும் என்றார்கள்; மற்றவருக்காகப் பள்ளியையே அவர் வீட்டுக்குக் கொண்டு சென்றார்கள்.

கண்ணுக்குத் தெரியும் குறை மட்டுமன்று, அறிவில் ஏற்படும் குறையும் அந்தச் சமூகத்தில் இருந்தது. சித்தத்தில் சற்றுப் பிசகுள்ள ஒரு பெண் நபியவர்களிடம் வந்து, தங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியுள்ளது என்றாள். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாயோ அதைத் தேர்ந்துகொள் என்று கூறிய நபியவர்கள், அவள் பேசி முடிக்கும் வரை தெருவோரத்தில் அவளுடன் நின்றார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. அவள் என்ன பேசினாள் என்பதை அறிவிப்பாளர் குறிப்பிடவில்லை. பெரிதாக ஒன்றும் இருந்திராது. ஆனால் ஆட்சித் தலைவர் ஒருவரின் நேரம் அதற்காகச் செலவாகியது.

இப்னு உம்மி மக்தூமின் இறுதிக்கு வருவோம். விலக்கு அளிக்கப்பட்டிருந்தும் அவர் விலகி நிற்கவில்லை. உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் பாரசீகர்களுடன் காதிசிய்யாவில் நடந்த போரில் அவர் கவசம் அணிந்து, கறுப்புக் கொடியை ஏந்தி நின்றதைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) கூறுகிறார்கள். கொடி பிடிப்பவர் ஓரிடத்தில் அசையாது நிற்க வேண்டும். ஓடிச் சென்று வாள் சுழற்ற வேண்டியதில்லை. தம் உடல் நிலைக்கு ஏற்ற பணி எதுவென்று அவரே கண்டுகொண்டார்; தளபதிகளும் தடுக்கவில்லை. அங்கேயே அவர் ஷஹீதானார் என்று சிலரும், மதீனா திரும்பி அங்கே மறைந்தார் என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர்.

நபித்தோழர் ஒருவர் விஷயத்தில் நடந்ததைத் தனிச் சிறப்பு என்று ஒதுக்கிவிடலாம். பிந்தைய ஆட்சிகளில் அது முறையாகவும் ஆனது. உமையா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் (ஹிஜ்ரி 86–96, கி.பி. 705–715) தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை வழங்கி யாசிக்க வேண்டாம் என்றதையும், நடக்க இயலாதவருக்குப் பணியாளையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் நியமித்ததையும் தபரீ பதிவுசெய்துள்ளார். அதற்கும் முன்னதாக, முதுமையும் குருடும் சேர்ந்து கையேந்தி நின்ற யூத முதியவர் ஒருவரை உமர் (ரலி) கைபிடித்துத் தம் இல்லம் அழைத்துச் சென்று உதவியதோடு, அவரைப் போன்றோருக்குப் பைத்துல் மாலிலிருந்து கொடுக்குமாறு உத்தரவிட்டதை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் எழுதியிருக்கிறார். மார்க்கம் பார்த்து இந்த உதவி வழங்கப்படவில்லை.

உதவித்தொகையைவிடப் பெரியது மதிப்பு. அதற்கு மக்காவின் முஃப்தி அதாஉ பின் அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களைப் பார்க்க வேண்டும். யமனில் பிறந்து மக்காவில் வளர்ந்த விடுதலை பெற்ற அடிமை, கறுத்த நிறம், சப்பை மூக்கு, ஒரு கண்ணில் பார்வையில்லை, ஒரு கை செயலிழந்தது, கால் ஊனம், பின்னாளில் முழுப் பார்வையும் போயிற்று. வரலாற்றாசிரியர்கள் இத்தனையையும் ஒளிக்காமல் வரிசைப்படுத்துகிறார்கள். நம் காலத்தில் இவற்றுள் ஒன்று இருந்தாலே பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஆனால் ஹஜ் காலத்தில் அதாவைத் தவிர வேறு எவரும் ஃபத்வா வழங்கக் கூடாது என்று உமையா ஆட்சியாளர்களின் சார்பில் அறிவிப்புச் செய்யப்பட்டது! தாம் கண்டவர்களுள் அதாவைவிடச் சிறந்தவர் எவருமில்லை என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூறுவார்கள். கலீஃபா ஸுலைமான் பின் அப்துல் மலிக் தம் இரு மைந்தருடன் வந்து, அதாஉ தொழுது முடிக்கும் வரை காத்திருந்து, ஹஜ்ஜின் சட்டங்களைக் கேட்டார். அதாஉ முகத்தைக்கூட அவர்கள் பக்கம் முழுமையாகத் திருப்பாமல் விடையளித்தார். எழுந்து போகும்போது கலீஃபா தம் மக்களிடம், கல்வி கற்பதில் சோர்ந்துவிடாதீர்கள், இந்தக் கறுப்பு அடிமையின் முன்னால் நாம் சிறுத்துப்போன நிலையை என்னால் மறக்க முடியாது என்றாராம். கலீஃபாவின் சொல்லில் இனத்திமிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அதனை நம் பேச்சாளர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடுகின்றனர். கல்விக்கு அவர் தலை குனிந்தார். மனிதருக்கு இன்னும் குனியவில்லை. அதாஉ (ரஹ்) ஹிஜ்ரி 114 அல்லது 115இல் வஃபாத்தானார்கள்.

ஹதீஸ் கலையில் அஃமஷ் என்றும் அஃரஜ் என்றும் பெயர்கள் வருவதை மதரஸா மாணவர்கள் அறிவர். முன்னது கண் கலங்கியவர் என்றும் பின்னது நொண்டி என்றும் பொருள்படும். இருவரும் மாபெரும் அறிவிப்பாளர்கள். ஊனத்தைச் சொல்லி அழைக்கலாமா என்ற வினா அறிஞர்களிடையே எழுந்தது. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறதே! அடையாளம் காட்டுவதற்கு வேறு வழியில்லாதபோது, இழிவுபடுத்தும் எண்ணமின்றிக் கூறலாம். வேறு விதமாக அடையாளம் காட்ட முடியுமானால் அதுவே மேல் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதினார்கள். நம் ஊர்களிலோ வேறு வழி ஆயிரம் இருந்தும், தாத்தாவின் காலில் இருந்த ஊனம் பேரன் வரை குடும்பப் பெயராகத் தொடர்கிறது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அச்சிடுவதில்லை, அவ்வளவே.

பார்வையற்ற அறிஞர்களைப் பற்றி மட்டுமே தனியொரு நூல் நம் மரபில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஸலாஹுத்தீன் கலீல் பின் ஐபக் அஸ்ஸஃபதீ (மறைவு: ஹிஜ்ரி 764, கி.பி. 1363) தொகுத்த 'நக்துல் ஹிம்யான்' என்னும் அந்நூல், ஏறத்தாழ முந்நூறு பார்வையற்றோரின் வரலாறுகளைக் கொண்டது. பிறவியிலேயே பார்வையற்ற பஸராவின் கதாதா (ரஹ்), கிராஅத் கலைஞர்கள் இன்றளவும் மனனம் செய்யும் 1173 ஈரடிகள் கொண்ட 'ஷாத்திபிய்யா'வை இயற்றிய அந்தலுசியாவின் இமாம் ஷாத்திபீ (ரஹ்) முதலியோர் நம் மரபின் பார்வையற்ற மேதைகளுள் புகழ்பெற்றவர்கள்.

ஸஃபதீ எழுதியவர்களுள் என்னைக் கவர்ந்தவர் பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் அல்ஆமிதீ. ஹன்பலீ மத்ஹபின் அறிஞர். பிழைப்புக்குப் புத்தக வியாபாரம். இள வயதிலேயே பார்வை போய்விட்டது. அடுக்கிய நூல்களுக்கிடையே கேட்ட நூலைத் தொட்டுப் பார்த்தே எடுத்துத் தருவார். விலை நினைவிருக்க வேண்டுமே! அதற்கு ஒரு வழி கண்டார். நூலை வாங்கியதும் மெல்லிய காகிதத்தைத் திரியாக முறுக்கி, விலையைக் குறிக்கும் எழுத்துகளின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டிவிடுவார். விலை மறந்துபோனால் விரலால் தடவி அறிந்துகொள்வார். பிரான்சில் லூயி பிரெயில் தம் புள்ளி எழுத்தைப் பதின்ம வயதில் வகுத்தது 1824ஆம் ஆண்டில். ஆமிதீ அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தியவர். இதனால் பிரெயில் எழுத்தையே முஸ்லிம்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது மிகை. ஆமிதீ செய்தது தம் கடைக்கான ஏற்பாடு. பள்ளிதோறும் பரவி இலட்சக்கணக்கானோர் படிப்பதற்குரிய எழுத்து முறையை அமைத்தவர் பிரெயிலே. நமக்கு உரிய பெருமை போதும்.

பெருமைகளை மட்டும் அடுக்கினால் வரலாறாகாது. அப்பாஸியர் காலத்தில் கலீஃபாவாக இருக்கப் பார்வை வேண்டும் என்ற சட்ட நிபந்தனையையே ஆயுதமாக்கினார்கள். பதவியிலிருந்து ஒருவரை என்றென்றைக்கும் அகற்ற அவருடைய கண்களில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாய்ச்சினர். காஹிர் 934இலும், முத்தகீ 944இலும், முஸ்தக்ஃபீ 946இலும் இவ்வாறு குருடாக்கப்பட்டனர். நேற்றுவரை கலீஃபாவாயிருந்த காஹிர், பக்தாத் பள்ளிவாசலில் நின்று மக்களிடம் யாசித்த செய்தியை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பார்வையற்ற ஒருவரை மதீனாவின் பொறுப்பில் அமர்த்திய சமுதாயத்தில், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் இப்படியும் நடந்தது.

வாய் பேசாதோர் விஷயத்தில் ஹனஃபீ சட்ட மரபு ஒரு நல்ல வழியைத் திறந்துவைத்தது. பேச இயலாதவரின் வழக்கமான சைகை, நாவால் சொல்லும் சொல்லுக்கு நிகரானது என்பது அந்த விதி. 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்த 'மஜல்லா' சட்டக் கோவையில் இது 70ஆவது விதியாக இடம்பெற்றது. அதற்கும் பல தலைமுறைகளுக்கு முன்பே இஸ்தான்புல் அரண்மனையில் செவிட்டூமைகள் பணியாளர்களாக அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுடைய சைகை மொழியை மற்ற அரண்மனைவாசிகளும் பயின்று, சுல்தானின் முன்னிலையில் பேச்சுக்குப் பதிலாக அதனையே வழங்கினர். இன்று மக்காவிலும் மதீனாவிலும் இரு ஹரம்களின் ஜும்ஆ குத்பா சைகை மொழியில் பெயர்க்கப்படுகிறது. நம் மஹல்லாவில் காது கேளாத சகோதரர் வாரந்தோறும் குத்பாவின்போது மிம்பரை நோக்கி அமர்ந்திருக்கிறார். கதீபின் கை அசைவைத் தவிர அவருக்குக் கிடைப்பது என்ன?

தமிழக அரசு 2010ஆம் ஆண்டளவில் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்று வழங்கத் தொடங்கியது. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றி வந்துபோக வழி செய்யப் பணிக்கிறது. நாமும் புதிய சொல்லைக் கற்றுக்கொண்டோம். மேடைகளில் பிழையின்றி உச்சரிக்கிறோம். படிக்கட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நான் அறிந்த ஒரு பள்ளிவாசலைப் பற்றிச் சொல்கிறேன், ஊர்ப்பெயர் வேண்டாம். பழைய பள்ளியை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். கீழ்த்தளம் முழுவதும் வாடகைக் கடைகள். தொழும் கூடம் மாடியில். பதினைந்து படிகள், வழுக்கும் பளிங்குக் கல். போலியோவால் கால்கள் சூம்பிய ஒருவர் மூன்று சக்கர வண்டியில் ஜும்ஆவுக்கு வருவார். முன்பு பழைய பள்ளியின் முன்வரிசையில் தொழுதவர்; இப்போது தெருவில், செருப்புகள் கிடக்கும் இடத்துக்கு அருகே வண்டியிலிருந்தபடி தொழுகிறார். சாய்தளம் அமைக்கலாமே என்று ஜமாஅத் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கட்டடக் கணக்கு. படிகள் ஏழரையடி உயரம், அப்படியானால் தொண்ணூறு அடி நீளச் சாய்தளம், இடமில்லை. மின்தூக்கி வைக்கப் பணமில்லை. அப்போது ஒரு முதியவர் எழுந்து, கீழே உள்ள கடைகளில் ஒன்றை எடுத்து விரித்துவிட்டால் என்ன, ஒலிபெருக்கியில் இமாமின் தக்பீர் கேட்குமே, படியேற முடியாத வயோதிகர்களும் அவருடன் ஸஃப்பில் நிற்கலாமே என்றார். கூடம் சிறிது நேரம் அமைதியாயிருந்தது. பின்னர் ஒருவர், மூலைக் கடைக்கு மாத வாடகை எவ்வளவு வருகிறது என்று கணக்கரைக் கேட்டார். கணக்கர் பதிவேட்டைப் புரட்டினார். குத்தகை முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் எழுதப்பட்டது.

அந்தக் கூட்டத்துக்கும் அவரால் ஏறி வர முடியவில்லை. தீர்மானத்தை மோதினார் இறங்கிப் போய்ச் சொன்னார்.